மடிக்கணினியும் ஓர் அமானிதமே

(மஹல்லா மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



    

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் வியந்திருக்கலாம். மதரஸாவில் ஓதிவந்த ஒருவருக்கும் மடிக்கணினிக்கும் என்ன தொடர்பு என்று எண்ணியிருக்கலாம். அவ்வியப்பில் நியாயமும் உண்டு. நாம் ஓதிய காலத்தில் மதரஸாவில் இருந்தவை கிதாபுகளும் மைப்பேனாவும் மட்டுமே. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, மக்தப் பிள்ளைகள் வீட்டோடு முடங்கியபோதுதான், மஹல்லா இளைஞர் ஒருவர் தம் மடிக்கணினியை நம்மிடம் தந்து, திரையின் வழியே பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தார். நம்மிடம் அலிஃப், பா கற்ற பிள்ளையிடமே நாம் இப்பாடத்தைக் கற்றோம். அதில் நமக்கு வெட்கமில்லை.

நாம் கணினிப் பொறியாளர் அல்லோம். நாம் சொல்லப்போவன யாவும் பட்டறிந்தவையும், அறிந்தோரைக் கேட்டுத் தெளிந்தவையுமே ஆகும்.

ஒரு காலைப்பொழுதில் நடந்தது

நம் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு மடிக்கணினி இருந்ததைப் பலரும் அறிவீர்கள். சந்தாக் கணக்கு, நிகாஹ் பதிவுகள், மாத உதவி பெறும் விதவைகள் மற்றும் முதியோரின் விவரங்கள் அனைத்தும் அதில்தான் இருந்தன. சில மாதங்களாகவே அது மெதுவாக இயங்கியது. உள்ளிருந்து ‘டக் டக்’ என்று மெல்லிய ஓசையும் கேட்டது. ‘பழைய பொருள், அப்படித்தான் இருக்கும்’ என்று நாம் விட்டுவிட்டோம். ஒருநாள் காலையில் அது திறக்கவே இல்லை. உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க் செயலிழந்துவிட்டது.

நிகாஹ் விவரங்கள் பெரியவர்கள் காலந்தொட்டு தஃப்தரில் பேனாவால் எழுதப்பட்டு வந்ததால் தப்பின. ஆனால் உதவி பெறுவோரின் விவரங்களைக் காகிதத்தில் நாம் வைத்திருக்கவில்லை. ஆதலால் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் மீண்டும் தட்டி, கணவர் எப்போது இறந்தார், வாடகை எவ்வளவு, பிள்ளைகள் என்ன படிக்கின்றனர் என்று முதலிலிருந்து கேட்க நேர்ந்தது. ஒரு தாய், “போன வருஷமே எல்லாத்தையும் சொன்னேனே ஹஜ்ரத், மறுபடியும் சொல்லணுமா?” என்று கேட்டார்கள். நம்மால் பதில் சொல்ல இயலவில்லை. ஒருமுறை மனம் நொந்து சொன்னதை மறுமுறையும் சொல்லவைத்தது அந்த இயந்திரத்தின் குற்றமன்று, நம்முடைய கவனக்குறைவே. இவ்வுரை அன்று மனத்தில் உருவானது.

இன்று பல வீடுகளில் ஒரு மடிக்கணினி உள்ளது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிய பின், விலை கொடுத்து வாங்க இயலாத குடும்பங்களிலும் அது நுழைந்தது. ஆயினும் அதைப் பேணும் முறையை யாரும் கூடவே வழங்கவில்லை.

இயங்க மறுக்கும்போது

பொத்தானை அழுத்தியும் மடிக்கணினி உயிர்பெறாவிட்டால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். முதலில் மின்சாரத்தைச் சோதியுங்கள். அதே துளையில் வேறொரு கருவியைச் செருகி, மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, சார்ஜரின் இரு துண்டுகள் இணையும் இடம் தளர்ந்துள்ளதா என்று பாருங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி, பேட்டரியைக் கையால் கழற்றக்கூடிய வகையாயின் அதையும் கழற்றிவிட்டு, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வெளியேறும். பின்னர் சார்ஜரை மட்டும் இணைத்து இயக்குங்கள். கடைக்குச் செல்லும் பயணங்களுள் பல இந்த ஒரு செயலாலேயே தவிர்க்கப்படும்.

விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருமையாக இருக்கிறது என்றால், கைவிளக்கின் ஒளியைத் திரையின்மீது சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் திரையின் பின்னொளி கெட்டுள்ளது என்று பொருள். எதுவும் தெரியாவிட்டால், வீட்டுத் தொலைக்காட்சியோடு எச்டிஎம்ஐ வடத்தால் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் தெரிந்தால் கணினி நலமாக உள்ளது, பழுது திரையிலோ அதன் இணைப்பிலோதான். இவ்வளவும் அறிந்துகொண்டு கடைக்குச் செல்பவரிடம் ‘மதர்போர்டு போய்விட்டது’ என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

சார்ஜர் கெட்டால் கிடைத்த சார்ஜரைச் செருகாதீர்கள். பழையதன்மீது அச்சிட்டுள்ள வோல்ட் அளவும் புதியதன் வோல்ட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்; ஆம்பியர் அளவு பழையதைவிடக் குறையாதிருக்க வேண்டும்.

வெப்பமும் பேட்டரியும்

நம் பிள்ளைகள் மெத்தைமீது மடிக்கணினியை வைத்துப் படிக்கின்றனர். அதன் அடியிலும் பக்கத்திலும் உள்ள துளைகள் காற்று சென்றுவரும் வழிகள். மெத்தையும் தலையணையும் அவ்வழிகளை அடைத்துவிடுகின்றன. உள்ளே வெப்பம் ஏறும்போது, தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது; அதையும் மீறினால் தானே அணைந்துவிடுகிறது. ‘கோடையில் மட்டும் அடிக்கடி நின்றுவிடுகிறது’ என்பவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். கடினமான பலகைமீது வைத்தாலே பாதிக் குறை தீரும். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளிருக்கும் தூசியை நீக்கச் செய்தால் மீதியும் தீரும்.

பேட்டரி இருவகை மிகுதியை வெறுக்கிறது. எப்போதும் நூறு விழுக்காடு நிறைந்திருப்பதும், அடிக்கடி முற்றிலும் வற்றிப்போவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். எந்நேரமும் சார்ஜரில் இணைத்தே பயன்படுத்துவோர், 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பு தம் கணினியில் இருந்தால் அதை இயக்கிக்கொள்வது நன்று. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதாயின் பாதியளவு நிரப்பி வையுங்கள்.

மூடி சரியாக மூடவில்லை, விரலால் தடவும் பகுதி மேலெழுந்துள்ளது என்றால், பேட்டரி உப்பிவிட்டது என்று அறியுங்கள். அதன் பிறகு அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. அழுத்தவும் குத்தவும் கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

உடலில் சுரீரென்று ஏறும் மின்சாரம்

மயிலாப்பூரின் பழைய சந்துகளிலும் தி.நகரின் பழைய குடியிருப்புகளிலும் வாழும் பிள்ளைகள் சிலர், ‘சார்ஜ் போட்டபடி தொட்டால் சுரீரென்கிறது’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். சார்ஜரின் உள்ளே உள்ள வடிகட்டும் உறுப்புகள் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் கசிவது இயல்பு. மூன்று முனைச் செருகியின் மூன்றாம் முனை அதை நிலத்துக்குள் இறக்கிவிடும். பழைய வீடுகள் சிலவற்றில் சுவரில் மூன்றாவது துளை இருக்கும்; அதன் பின்னே எர்த் கம்பி இருக்காது. அப்போது அம்மின்னோட்டம் உலோக உடலில் தங்கி, தொடுபவரின் கைவழியே செல்லும். மூன்று முனையை இரண்டாக்கும் மாற்றியைப் பயன்படுத்தினாலும் இதே நிலைதான். மின்பணியாளரை அழைத்து எர்த் இணைப்பைச் சரிசெய்யுங்கள். மடிக்கணினி தந்த இந்தச் சிறு எச்சரிக்கை, குளிர்பதனப் பெட்டியையும் துணிதுவைக்கும் இயந்திரத்தையும் தொடும் தாய்மார்களின் உயிரைக் காக்கக்கூடியது.

மெதுவாக இயங்கும்போது

பலரும் அறியாத ஒன்றைச் சொல்கிறோம். விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்து அணைத்தால், பெரும்பாலான கணினிகளில் அது முழுமையாக அணைவதில்லை; மறுமுறை விரைவாகத் திறப்பதற்காக ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே ஒலி வரவில்லை, வைஃபை இணையவில்லை, எங்கோ சிக்கிக்கொண்டது என்றால் முதல் மருந்து ‘ரீஸ்டார்ட்’தான்.

அதன் பின்னும் மெதுவாக இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். எந்தச் செயலி கணினியின் உழைப்பை உறிஞ்சுகிறது என்பதை அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கும். கணினி திறக்கும்போதே தாமாகத் தொடங்கும் செயலிகளில் தேவையற்றவற்றை அங்கேயே நிறுத்தலாம். சி டிரைவில் இடம் நிறைந்திருந்தாலும் வேகம் குறையும்.

பழைய மடிக்கணினியில் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்துவது முதியவருக்குப் புதுரத்தம் ஏற்றியது போன்றது. நம் அலுவலகத்தில் கேட்டது போன்ற ‘டக் டக்’ ஓசை கேட்டால் மட்டும், வேறெதுவும் செய்யாமல் முதலில் கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11ஐ எல்லாப் பழைய கணினிகளும் ஏற்பதில்லை. அதற்காக நல்ல கணினியை எறிய வேண்டியதில்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளங்களை நிறுவினால், படிக்கவும் எழுதவும் இணையம் பார்க்கவும் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். 2011இல் அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அதை உருவாக்கியது நம் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனமே. நம்மில் பலர் அதைத் திறந்தும் பார்த்ததில்லை.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி வாங்கச் செல்லும் மாணவர்கள், விண்டோஸ் 11ஐ அது ஏற்குமா என்று கேளுங்கள். அங்கேயே அரை மணி நேரம் சார்ஜரின்றி இயக்கிப் பாருங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ரசீதில்லாத பொருள் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை நாம் அறியோம்.

எழுத்துகள் குழம்பும்போது

பழைய ஆண்டறிக்கைகளின் கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்பதை நிர்வாகிகள் கண்டிருப்பார்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். முற்காலத் தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தி உருவாக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்தே தெரியும். உரிய எழுத்துருவை நிறுவினாலோ, மாற்றியின் துணையால் ஒருங்குறிக்கு மாற்றினாலோ தமிழ் மீண்டுவிடும். 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இனி எழுதுவன யாவும் ஒருங்குறியிலேயே இருக்கட்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை விண்டோஸ் 11இலும் உள்ளது. பிள்ளைகள் ஒருவாரத்தில் பழகிக்கொள்ளலாம்.

இணையதளங்கள் அனைத்தும் ‘பாதுகாப்பற்றவை’ என்று எச்சரித்துத் திறக்க மறுத்தால், கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோய், தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருக்கும். அதைத் திருத்தினால் தளங்கள் திறக்கும்.

தண்ணீர் பட்டால்

தேநீர் கவிழ்ந்த அடுத்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே: இயக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றுங்கள். பின்னர் மடிக்கணினியை விரித்து, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். ‘வேலை செய்கிறதா’ என்று இயக்கிப் பார்க்காதீர்கள்; நீரைவிட நீரோடு சேர்ந்த மின்சாரமே உறுப்புகளை அழிக்கிறது. அரிசிப் பானைக்குள் வைப்பதால் பயனில்லை. மாவும் தூசியும்தான் உட்புகும். சர்க்கரை கலந்த பானம் காய்ந்தாலும் அதன் படிவு உள்ளேயே தங்கி அரிக்கும். ஆதலால் பிரித்துத் துடைப்பவரிடம் விரைந்து கொண்டு செல்லுங்கள்.

2015 டிசம்பர் முதல் நாள் இரவில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. உயிரைக் காப்பதே பெரிதாயிருந்த அவ்விரவில் பலர் சான்றிதழ்களையும் கணினிகளையும் இழந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் நகரை மூழ்கடித்தது. இது மீண்டும் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. மழைக்காலம் தொடங்கும்போதே மடிக்கணினியைத் தரையிலோ கட்டிலின் அடியிலோ வைக்காமல் பரண்மீது வைக்கும் வழக்கம் வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் முதலியவற்றை 2015இல் மைய அரசு தொடங்கிய டிஜிலாக்கரிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நகல்கள்

இவ்வுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வீர்களாயின், இதைக் கொள்ளுங்கள். முக்கியமான எதுவும் மூன்று இடங்களில் இருக்க வேண்டும். ஒன்று கணினியில், இரண்டாவது வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில், மூன்றாவது உங்கள் வீட்டிற்கு வெளியே, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ. வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் திருடன் புகுந்தாலும் மூன்றாவது தப்பும். வெளிப்புற டிஸ்க்கை எந்நேரமும் கணினியிலேயே செருகி வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எடுத்த நகல் திறக்கிறதா என்றும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் கோப்புகள் தாமாகவே மறையாக்கம் செய்யப்படுகின்றன. பழுதுபார்த்த பின் 48 இலக்க மீட்பு எண்ணை அது கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் உள்ளதா என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பழுதுபார்ப்பவரும் ஏமாற்றுபவரும்

மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, நம் வீட்டுப் பெண்களின் புகைப்படங்களையும் வங்கி விவரங்களையும் சேர்த்தே கொடுக்கிறோம் என்பதை உணர வேண்டும். கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, இயலுமாயின் டிஸ்க்கைக் கழற்றிய பின் கொடுங்கள். என்ன பழுது, எவ்வளவு செலவு என்பதை எழுதி வாங்குங்கள். மாற்றப்பட்ட பழைய உறுப்பைத் திரும்பக் கேளுங்கள். இத்தொழில் செய்யும் நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் மேசைக்கு வரும் கணினி அமானிதம். பழுதைப் பார்க்கவே உங்களுக்கு அனுமதி. படங்களைப் பார்க்க அன்று.

திரையில் திடீரென்று ‘உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று பெரிதாக எழுத்தும் எச்சரிக்கை ஒலியும் வந்தால் அது வலை. எந்தப் பெரிய நிறுவனமும் அவ்வாறு அழைக்கச் சொல்வதில்லை. ஆல்ட், எஃப்4 விசைகளை அழுத்தி மூடுங்கள். மூடாவிட்டால் கணினியையே அணையுங்கள். யாரோ ஒருவர் சொல்கிறார் என்பதற்காக உங்கள் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு மிகும்.

இறுதியாக, இனி உதவாது என்றான கணினியைக் குப்பையோடு எறியாதீர்கள். அதில் ஈயமும் வேறு நச்சுப் பொருள்களும் உள்ளன. டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு, மின்னணுக் கழிவைப் பெறும் முறையான மையத்தில் ஒப்படையுங்கள். இன்னும் உதவும் என்றால், கோப்புகளை முற்றிலும் அழித்துவிட்டு, கணினியில்லாத ஒரு மாணவருக்குக் கொடுங்கள்.

அன்பர்களே! நம் அலுவலகத்தில் இப்போது மூன்று நகல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று தலைவர் அவர்களின் இல்லத்தில் உள்ளது. உதவி பெறுவோர் விவரம் காகிதத்திலும் எழுதப்பட்டுப் பூட்டிய அலமாரியில் வைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று அஸருக்குப் பின், மஹல்லா இளைஞர்கள் இருவர் பள்ளியின் அலுவலகத்தில் அமர்ந்து, வருவோருக்கு நகலெடுக்கக் கற்றுத்தர இசைந்துள்ளனர். கட்டணம் ஏதுமில்லை. ஒரு வெளிப்புற டிஸ்க்கை மட்டும் கொண்டு வாருங்கள்.

அந்தத் தாய் நம்மிடம் கேட்ட கேள்வியை இனி எவரும் நம்மிடம் கேட்க நேராதிருக்கட்டும்.